தர்கும்: மூலத்தின் இடத்தைக் கொள்ளாத மொழிபெயர்ப்பு
– யூத வழிபாட்டில் அரமேயப் பெயர்ப்புகளின் நிலையும் வரலாறும் –

ஆய்வுச் சுருக்கம்

யூதத் திருமறையின் அரமேய மொழிபெயர்ப்புகள் தர்கும் என்று வழங்கப்பெறுகின்றன. எபிரேயம் அறியாத மக்களுக்குத் திருமறையை விளக்கும் பொருட்டு இவை தோன்றின என்பதே பொதுவாகக் கூறப்படும் விடை. அவ்விடை பிழையன்று, ஆயினும் முழுமையானதன்று. மக்களுக்குப் புரியும் மொழியில் ஒரு பெயர்ப்பு உருவான பின்னரும் தொழுகைக்கூடத்தில் எபிரேய மூலம் ஏன் இடம்பெயரவில்லை என்னும் வினாவுக்கு அது விடை தருவதில்லை. மூலத்தையும் பெயர்ப்பையும் ஒருங்கே ஒலிக்கச் செய்து, அதேவேளை ஒன்றை மற்றொன்றாக எவரும் கருதிவிடாதவாறு காத்த வழிபாட்டு விதிகளை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்விதிகளே தர்குமின் மொழிநடையையும் விளக்க விரிவையும் வடிவமைத்தன என்பதும், அரமேயம் வழக்கொழிந்தபோது தர்கும் தானே விளக்கம் வேண்டும் நூலாக மாறியது என்பதும் இங்கு நிறுவப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: தர்கும், அரமேயம், மொழிபெயர்ப்பியல், தொழுகைக்கூடம், ஒங்கலோஸ், மிஷ்னா, வாய்மொழி மரபு.

முன்னுரை

ஒரு சமயத்தின் மறைநூல் ஒரு மொழியில் நிலைபெற்றுவிட, அச்சமயத்தாரின் பேச்சுமொழி வேறாகிவிடும்போது இரண்டு வழிகள் எதிர்ப்படுகின்றன. மறைநூலைப் பேச்சுமொழிக்குப் பெயர்த்து, அப்பெயர்ப்பையே மறையாகக் கொள்வது ஒன்று. புரிந்தாலும் புரியாவிட்டாலும் மூலத்தையே ஓதுவது மற்றொன்று. முன்னதில் மூலத்தின் தனித்தன்மை மங்கும். பின்னதில் மக்கள் மறையிலிருந்து விலகுவர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாவது வழி ஒன்றை யூத சமயத்தார் வகுத்துக்கொண்டனர். மூலம் ஒரு குரலில் ஓதப்பெறும். உடனே பெயர்ப்பு மற்றொரு குரலில் ஒலிக்கும். அப்பெயர்ப்பே தர்கும்.

தர்கும் என்னும் அரமேயச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு, விளக்கம் என்பன பொருள். இச்சொல்லின் வேர் அக்காடிய மொழி வரை செல்கிறது. அங்கு 'தர்குமன்னு' என்பது இருமொழியாளனைக் குறித்தது. அரபியில் 'தர்ஜமா' என வழங்குவதும் இதன் உறவுச்சொல்லே. தமிழ் முஸ்லிம்கள் திருக்குர்ஆன் பெயர்ப்பைத் 'தர்ஜமா' எனக் குறிப்பிடும் வழக்கில் அத்தொன்மையான சொல் தமிழிலும் ஒலிக்கிறது. தொழுகைக்கூடத்தில் தர்கும் உரைப்பவர் 'மெத்துர்கெமான்' எனப்பெற்றார்.

அரமேயமும் யூதரும்

அரமேயம் எபிரேயத்தின் உடன்பிறப்பு மொழி. அசீரியப் பேரரசின் பிற்காலத்திலேயே மேற்கு ஆசியாவின் பொதுமொழியாகப் பரவத் தொடங்கிய இது, பாரசீக அகேமெனியப் பேரரசில் (கி.மு. 6–4ஆம் நூற்றாண்டுகள்) ஆட்சிமொழியாக விளங்கியது. கி.மு. 586இல் எருசலேம் வீழ்ந்து யூதர் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பெற்றதும், பின்னர் ஒரு பகுதியினர் பாரசீகர் ஆட்சியில் திரும்பி வந்ததும் இம்மொழியோடு அவர்களுக்கிருந்த உறவை நெருக்கமாக்கின. எகிப்தின் எலிபன்டைன் தீவில் வாழ்ந்த யூதப் படைக்குடியினர் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுதிய மடல்களும் ஆவணங்களும் அரமேயத்திலேயே அமைந்துள்ளன.

திருமறைக்குள்ளேயே அரமேயம் இடம்பெற்றுள்ளது. தானியேல் நூலில் இரண்டாம் அதிகாரத்தின் 4ஆம் வசனம் தொடங்கி ஏழாம் அதிகாரத்தின் இறுதி வரையும், எஸ்ரா நூலின் சில பகுதிகளும், எரேமியா நூலின் ஒரு வசனமும் (10:11), தொடக்கநூலில் இரண்டு சொற்களும் (31:47) அரமேயத்தில் உள்ளன. ஆகவே அரமேயம் தீட்டான அயல்மொழியாக ஒருபோதும் கருதப்பெறவில்லை.

எஸ்ரா மக்கள் முன்னிலையில் திருச்சட்ட நூலை வாசித்ததையும், அது தெளிவுபடுத்தப்பெற்று மக்களுக்குப் பொருள் விளங்கியதையும் நெகேமியா நூலின் எட்டாம் அதிகாரம் விவரிக்கிறது. அங்குக் குறிக்கப்பெறும் தெளிவுபடுத்தலைத் தர்கும் என்றே பாபிலோனியத் தல்மூது பொருள்கொள்கிறது. அந்நிகழ்வில் உண்மையிலேயே மொழிபெயர்ப்பு நடைபெற்றதா என்பது ஐயத்திற்குரியது. பிற்காலத் தொழுகைக்கூட வழக்கத்திற்கு எஸ்ராவின் பெயரால் தொன்மை தேடும் முயற்சியாகவே இவ்விளக்கத்தைக் கொள்ளலாம்.

எபிரேயம் முற்றிலும் மறைந்துபோனதால் தர்கும் தோன்றியது என்று கருதுவதற்கும் சான்றுகள் இடந்தருவதில்லை. கி.பி. 132–135இல் உரோமருக்கு எதிராகக் கிளர்ந்த பர் கொக்பாவின் காலத்து மடல்கள் எபிரேயம், அரமேயம், கிரேக்கம் ஆகிய மூன்று மொழிகளிலும் கிடைத்துள்ளன. ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பெற்ற மிஷ்னா எபிரேயத்தில் அமைந்தது. கலிலேயாவின் பன்மொழிச் சூழலை ஆராய்ந்த ஸ்டீவன் ஃபிராட், தர்கும் எபிரேயத்தை அகற்றுவதற்கன்றி அதனுடன் இணைந்து ஒலிப்பதற்கே அமைந்தது என வாதிடுகிறார். கேட்போரிற் பலர் ஓரளவேனும் இரு மொழிகளையும் அறிந்திருந்தனர் என்பது இவ்வாதத்தின் அடிப்படை. அரசனைக் குறிக்கும் 'மெலெக்' என்னும் எபிரேயச் சொல் அரமேயத்தில் 'மல்கா' ஆகும். மகனைக் குறிக்கும் 'பென்' என்பது 'பர்' ஆகும். அமைதியைக் குறிக்கும் 'ஷாலோம்' என்பது 'ஷ்லாமா' ஆகும். இத்தகைய உறவுமொழிகளில் மூலமும் பெயர்ப்பும் அடுத்தடுத்து ஒலிக்கும்போது, கேட்பவர் ஒன்றைக்கொண்டு மற்றொன்றை அளந்தறிய இயலும்.

கும்ரான் சான்றும் எழுத்து பற்றிய தடையும்

கிடைத்துள்ளவற்றுள் மிகத் தொன்மையான தர்கும் ஏடுகள் சாக்கடலை அடுத்த கும்ரான் குகைகளில் கண்டெடுக்கப்பெற்றவை. 1956இல் கண்டறியப்பெற்ற பதினோராம் குகையில் யோபு நூலின் அரமேயப் பெயர்ப்பு ஒன்று பெரும்பகுதி சிதைந்த நிலையில் கிடைத்தது. நான்காம் குகையில் லேவியர் நூலின் 16ஆம் அதிகாரப் பெயர்ப்பின் சிறு துணுக்குகளும், யோபு நூற்பெயர்ப்பின் துணுக்குகளும் கிடைத்துள்ளன. எருசலேம் கோவில் அழிக்கப்பெற்ற கி.பி. 70க்கு முன்பே எழுத்து வடிவத் தர்கும்கள் இருந்தன என்பதற்கு இவை சான்று.

இதனோடு தல்மூது கூறும் ஒரு செய்தியும் ஒப்புநோக்கத்தக்கது. மூத்த கமாலியேல் கோவில் மலையில் இருந்தபோது அவரிடம் யோபு நூலின் தர்கும் ஒன்று கொண்டுவரப்பெற்றது. அவர் அதனைக் கட்டடக் கல்வரிசையின் அடியில் புதைத்துவிடுமாறு கட்டளையிட்டார் என்பது அச்செய்தி. எழுதப்பெற்ற தர்கும் இருந்தது. அதனை ஏற்கத் தலைவர்கள் தயங்கினர் என்னும் இரண்டும் இதனால் விளங்குகின்றன.

இத்தயக்கத்தின் அடிப்படை மிஷ்னாவின் 'யாதாயிம்' பகுதியில் தெளிவாகிறது. எஸ்ரா, தானியேல் நூல்களில் உள்ள அரமேயப் பகுதிகள் திருமறைக்குரிய தூய்மை உடையன. எபிரேயமாக உள்ள பகுதியை அரமேயத்தில் எழுதினால் அத்தூய்மை அதற்கு இல்லை. அரமேயமாக உள்ள பகுதியை எபிரேயத்தில் எழுதினாலும் நிலை அதுவே. எனவே தூய்மை மொழியைச் சார்ந்ததன்று. மூலமாக இருத்தலைச் சார்ந்தது. எபிரேயமே ஆயினும் பெயர்ப்பு பெயர்ப்பே என்னும் இத்தெளிவு, தர்கும் பற்றிய ஏனைய விதிகள் அனைத்துக்கும் திறவுகோலாக அமைகிறது.

தொழுகைக்கூடத்தில் இரு குரல்கள்

தோரா எனப்பெறும் ஐந்நூல் வாசிப்பில் ஓதுபவர் ஒவ்வொரு வசனமாகவே மெத்துர்கெமானுக்கு வாசித்துக் கொடுக்க வேண்டும் என்று மிஷ்னாவின் 'மெகில்லா' பகுதி விதிக்கிறது. இறைவாக்கினர் நூல்களாயின் மூன்று வசனங்கள் வரை சேர்த்து வாசிக்கலாம். மூன்றும் தனித்தனிப் பத்திகளாயின் அவற்றையும் ஒவ்வொன்றாகவே வாசிக்க வேண்டும். இறைவாக்கினர் நூல்களிலிருந்து சட்டத் தீர்ப்புகள் பெறப்படுவதில்லை. ஆகையால் அங்குப் பெயர்ப்பில் நேரும் பிழையால் பெருந்தீங்கு இல்லை என இடைக்கால உரையாசிரியர் ராஷி (1040–1105) இவ்வேறுபாட்டை விளக்குகிறார்.

குரல்களின் எண்ணிக்கையிலும் இதே நுட்பம் பேணப்பெறுகிறது. தோராவை ஒருவர் வாசிக்க ஒருவரே பெயர்க்க வேண்டும். இறைவாக்கினர் நூல்களை ஒருவர் வாசிக்க இருவரும் பெயர்க்கலாம். எஸ்தர் நூலுக்கு இக்கட்டுப்பாடு மேலும் தளர்கிறது. நூலின் சட்டத்தகுதி எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவுக்குப் பெயர்ப்பின்மீதான காவலும் இறுகுகிறது.

ஓதுபவர் ஏட்டிலிருந்து கண்ணை எடுத்து மனப்பாடமாக ஓதலாகாது. மெத்துர்கெமானோ ஏட்டைப் பார்க்கலாகாது. மனத்திலிருந்தே உரைக்க வேண்டும். பெயர்ப்பவரின் குரல் ஓதுபவரின் குரலினும் ஓங்கலாகாது. மெத்துர்கெமான் இடையில் தடுமாறினாலும் ஓதுபவர் அவருக்குச் சொல்லெடுத்துக் கொடுக்கலாகாது. இவ்விதிக்குப் பாபிலோனியத் தல்மூது தரும் காரணம் இவ்வாய்வுக்கு மிகவும் இன்றியமையாதது: பெயர்ப்பும் தோராவிலேயே எழுதப்பெற்றுள்ளது என்று மக்கள் எண்ணிவிடக்கூடும்.

எருசலேம் தல்மூது இரபி சாமுவேல் பர் ஈசாக்கு பற்றிய மூன்று நிகழ்ச்சிகளைத் தொகுத்துத் தருகிறது. தூணில் சாய்ந்தவாறு தர்கும் உரைத்த ஒருவரை அவர் கண்டித்தார். தோரா அச்சத்தோடும் நடுக்கத்தோடும் அளிக்கப்பெற்றதால் அதனை அவ்வாறே கையாள வேண்டும் என்பது அவர் கூறிய காரணம். ஒருவரே ஓதவும் பெயர்க்கவும் செய்ததைக் கண்டபோது, தோரா ஓர் இடையாளர் வழியாகவே அளிக்கப்பெற்றமையால் அதனை உரைக்கவும் ஓர் இடையாளர் வேண்டும் என்றார். மறைநூல் ஆசான் ஒருவர் ஏட்டைப் பார்த்துத் தர்கும் உரைத்ததைக் கண்டபோது, வாய்மொழியாக வந்ததை வாய்மொழியாகவும் எழுத்தாக வந்ததை எழுத்தாகவுமே வழங்க வேண்டும் என்று தடுத்தார்.

இவற்றுள் இரண்டாவது நிகழ்ச்சி ஆழமான கருத்தொன்றைத் தாங்கியுள்ளது. இறைவனுக்கும் மக்களுக்கும் இடையே மோசே நின்றதுபோல, மூலத்துக்கும் மக்களுக்கும் இடையே மெத்துர்கெமான் நிற்கிறார். தொழுகைக்கூடத்தில் ஒவ்வொரு வாரமும் நிகழும் வாசிப்பு, சீனாய் மலையில் திருச்சட்டம் அருளப்பெற்ற நிகழ்வின் மறுநிகழ்வாகிறது. இப்பார்வையில் பெயர்ப்பு என்பது மக்களின் அறியாமைக்கு இரங்கி அளிக்கப்பெற்ற சலுகை மட்டுமன்று. திருச்சட்டத்தைப் பெறும் முறையின் ஓர் உறுப்புமாகும்.

ஆயினும் அவ்வுறுப்பு இன்றியமையாததாக வைக்கப்பெறவில்லை. நோன்பு நாள்களில் மறைவல்லோர் தர்கும் இன்றியே வாசித்ததைச் சான்று காட்டி, பெயர்ப்பு இல்லாவிடினும் வாசிப்பு நிறைவுறும் என்று எருசலேம் தல்மூது முடிவுசெய்கிறது. வயது நிரம்பாத சிறுவனும் பார்வையற்றவரும் மெத்துர்கெமானாக நிற்கலாம் என மிஷ்னா இசைவளிக்கிறது. ஏட்டைப் பார்க்க வேண்டாத பணியாதலின் பார்வையின்மை இதற்குத் தடையாகவில்லை. அதேவேளை, முதியவருக்குச் சிறுவன் பெயர்க்கலாம். சிறுவனுக்கு முதியவர் பெயர்ப்பது மதிப்புக்குரியதன்று எனத் தொசெஃப்தா கூறுகிறது. பெயர்ப்பவர் ஓதுபவருக்குக் கீழ்ப்பட்டவர் என்னும் வரிசைமுறை இதில் வெளிப்படை.

வாசிக்கலாம், பெயர்க்கலாகாது என விலக்கப்பெற்ற பகுதிகளும் உண்டு. ரூபன் தன் தந்தையின் மறுமனையாட்டியோடு கூடிய செய்தியும், பொற்கன்று வரலாற்றின் இரண்டாவது பகுதியும் அத்தகையன. முன்னோரின் இழுக்கு எபிரேயத்தில் ஓதப்பெறலாம், பேச்சுமொழியில் மன்றேறலாகாது. மூலம் முழுமையாக ஒலித்தாக வேண்டும். பெயர்ப்புக்கோ மௌனமும் ஒரு கடமை.

கிரேக்கப் பெயர்ப்பிலிருந்து வேறுபாடு

இவ்விதிகளின் தனித்தன்மை, கிரேக்கம் பேசிய யூதரின் வழக்கத்தோடு ஒப்பிடும்போது மேலும் புலப்படும். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தொடங்கிய செப்துவசிந்தா என்னும் கிரேக்கப் பெயர்ப்பு, அங்கு மூலத்தின் இடத்தையே பெற்றது. அப்பெயர்ப்பாளர்கள் இறையருளால் உந்தப்பெற்றவர்கள் என மெய்யியலாளர் ஃபிலோ கருதினார். தம் விளக்கங்களுக்கு அவர் கிரேக்க நூலையே அடிப்படையாகக் கொண்டார். அப்பெயர்ப்பு பின்னர்க் கிறித்தவத் திருச்சபையின் மறைநூலாகவும் ஆயிற்று. கி.பி. 553இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட ஆணை, தொழுகைக்கூடங்களில் கிரேக்கத்தில் மறைவாசிப்பு நிகழலாம் என இசைவளித்தது. மொழிபெயர்ப்பு எம்மொழியில் அமைய வேண்டும் என்னும் வினா அக்காலத்தில் சமய அடையாளத்தின் வினாவாகவும் இருந்தது என்பதை இவ்வாணை காட்டுகிறது.

மூலம் ஒலிக்காத இடத்தில் பெயர்ப்பே மூலமாகிவிடும். தர்கும் அந்நிலையை அடையாதிருக்கக் காரணம் அது சொல்லுக்குச் சொல் துல்லியமாக இருந்ததன்று; தனித்து ஒலிக்க அதற்கு இடமளிக்கப்பெறாததே.

பெயர்ப்பின் உரிமையும் எல்லையும்

மூலம் அருகிலேயே ஒலித்ததால் தர்குமுக்கு ஓர் உரிமை கிட்டியது. கேட்பவர் மூலத்தைச் செவியுற்றுவிட்டார். எனவே பெயர்ப்பு மூலத்தின் பதிலியாக நிற்க வேண்டியதில்லை. அதன் உரையாக விரியலாம். பின்வரும் கூறுகள் அவ்விரிவின் தன்மையை விளக்கும்.

முதலாவது, இறைவனை மாந்த உருவில் சித்திரிக்கும் தொடர்களை மாற்றியமைத்தல். தோட்டத்தில் ஆதிமனிதர் கேட்டது இறைவனின் குரல் என மூலம் கூறுமிடத்தில், ஒங்கலோஸ் தர்கும் இறைவனின் 'மெம்ரா'வின் குரல் என்கிறது. மெம்ரா என்பதற்குச் சொல், வாக்கு என்பன பொருள். பாபேல் கோபுரத்தைக் காண இறைவன் இறங்கி வந்தார் என்னுமிடத்தில் அவர் வெளிப்பட்டார் என்றும், மக்கள் நடுவே உறைவேன் என்னுமிடத்தில் தம் திருவுறைவை உறையச் செய்வேன் என்றும் பெயர்க்கிறது.

இரண்டாவது, சட்ட விளக்கத்தைப் பெயர்ப்பிலேயே பொதித்தல். ஆட்டுக்குட்டியைத் தாயின் பாலில் சமைக்கலாகாது என்னும் கட்டளை ஐந்நூலில் மும்முறை வருகிறது. ஒங்கலோஸ் தர்கும் அதனை இறைச்சியைப் பாலோடு உண்ணலாகாது என்று தருகிறது. மறைவல்லோர் அக்கட்டளையிலிருந்து வகுத்த உணவுச் சட்டமே இங்குப் பெயர்ப்பாகியுள்ளது.

மூன்றாவது, மூலத்தின் இடைவெளிகளை நிரப்புதல். காயின் ஆபேலிடம் கூறினான் என்று தொடங்கும் வசனம், அவன் கூறியது யாதென்பதை எபிரேயப் பாடத்தில் தருவதில்லை. பாலஸ்தீனத் தர்கும்கள் அவ்விடத்தில் சகோதரர் இருவருக்கும் இடையே ஒரு சொற்போரை அமைக்கின்றன. நீதியும் நீதிபதியும் மறுவுலகும் இல்லை என்கிறான் காயின். உண்டு என்கிறான் ஆபேல். உலகின் முதற்கொலைக்கு இறைநீதி பற்றிய கருத்துமாறுபாடு முன்னுரையாகிறது.

இவ்வுரிமைக்கு எல்லையும் வகுக்கப்பெற்றது. வசனத்தை உள்ளது உள்ளபடியே பெயர்ப்பது பொய்ம்மையாகும் என்றும், தன்விருப்பில் கூட்டுவது இறைநிந்தையாகும் என்றும் கருத்துப்பட இரபி யூதா கூறியதாகத் தொசெஃப்தா பதிவுசெய்கிறது. இஸ்ரயேலின் மூப்பர்கள் இறைவனைக் கண்டனர் என்னும் விடுதலைப் பயண வசனத்தைக் கொண்டு இடைக்கால உரையாசிரியர்கள் இதனை விளக்கினர். கண்டனர் என்றே பெயர்த்தால், காணவியலாதவரைக் கண்டதாகக் கூறும் பொய் நேரும். இறைவனின் தூதரைக் கண்டனர் எனக் கூட்டினால் இறைவனின் இடத்தில் தூதரை வைத்த நிந்தை நேரும். இறைவனின் மாட்சியைக் கண்டனர் என்னும் ஒங்கலோஸின் பெயர்ப்பே நடுவழி.

தனிமனிதர் தம் மனம்போல் விளக்கம் கூறுவது அவையிலேயே தடுக்கப்பெற்றது. பிள்ளைகளை மோலேக்குக்குப் பலியிடுதலைத் தடுக்கும் லேவியர் நூற்கட்டளையை, அயலினப் பெண்ணோடு மகப்பேறு கொள்ளுதலைத் தடுப்பதாகப் பெயர்ப்பவரைக் கடிந்து வாயடைக்க வேண்டும் என்று மிஷ்னா விதிக்கிறது. அதே விளக்கம் பின்னாளில் போலி யோனத்தான் எனப்பெறும் தர்குமில் இடம்பெற்றிருப்பது, விதிக்கும் வழக்கத்துக்கும் இடையே இருந்த இடைவெளியை உணர்த்துகிறது.

நிலைபெற்ற தர்கும்கள்

இன்று கிடைக்கும் தர்கும்களுள் தலைமையானது ஐந்நூலுக்குரிய ஒங்கலோஸ் தர்கும். மதம் மாறி யூதரான ஒங்கலோஸ் என்பவர் இரபி எலியேசர், இரபி யோசுவா ஆகியோரின் வழிகாட்டுதலில் இதனை யாத்தார் எனப் பாபிலோனியத் தல்மூது கூறும். கிரேக்கப் பெயர்ப்பாளர் அக்கிலாவின் பெயர் இங்கு மயங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பாலஸ்தீனத்தில் உருவாகிப் பாபிலோனியாவில் இறுதி வடிவம் பெற்ற நூலாக இது பொதுவாகக் கருதப்பெறுகிறது.

இறைவாக்கினர் நூல்களுக்குரிய தர்கும், ஹில்லேலின் மாணவர் யோனத்தான் பென் உசியேலின் பெயரால் வழங்குகிறது. அவர் அதனை வெளியிட்டபோது இஸ்ரயேல் நாடு நானூறு பர்சாங்கு நீளமும் நானூறு பர்சாங்கு அகலமும் அதிர்ந்தது எனத் தல்மூது புனைகிறது. மறைபொருளைப் பேச்சுமொழியில் வெளிப்படுத்துவது எத்துணை அச்சத்தோடு நோக்கப்பெற்றது என்பதற்கு இப்புனைவு சான்று. எஞ்சிய திருநூல்களையும் பெயர்க்க அவர் விழைந்தபோது, மெசியாவின் காலம் அவற்றில் குறிக்கப்பெற்றுள்ளமையால் விண்குரல் தடுத்தது என்றும் அது கூறுகிறது. தானியேல் நூலுக்கும் எஸ்ரா–நெகேமியா நூல்களுக்கும் மரபுவழித் தர்கும் கிடைக்கவில்லை.

பாலஸ்தீன மரபைச் சேர்ந்த ஐந்நூல் தர்கும்கள் மேலும் விரிவானவை. கெய்ரோவின் பழைய தொழுகைக்கூடத்து ஏட்டுக் களஞ்சியமாகிய கெனிசாவில் கிடைத்த துணுக்குகளை பவுல் காலெ 1930இல் பதிப்பித்தார். வத்திக்கான் நூலகத்தில் ஒங்கலோஸ் எனப் பிழையாகப் பட்டியலிடப்பெற்றிருந்த 'நியோஃபித்தி' ஏடு, முழு ஐந்நூலையும் ஏறத்தாழ நிறைவாகக் கொண்ட பாலஸ்தீனத் தர்கும் என்பதை அலெஹாந்த்ரோ தியெஸ் மாச்சோ 1956இல் அறிவித்தார். 1968–1979 காலத்தில் ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்தார். போலி யோனத்தான் தர்கும், இஸ்மயேலின் மனைவியருக்கு நபிகள் நாயகத்தின் மனைவி, மகள் ஆகியோரின் பெயர்களை நினைவூட்டும் பெயர்களை வழங்குகிறது. ஆகவே அதன் இன்றைய வடிவம் இஸ்லாம் தோன்றிய பின்னரே நிறைவுற்றிருக்க வேண்டும். இத்துணை விரிந்த நூல்கள் முழுமையாகத் தொழுகைக்கூடத்தில் உரைக்கப்பெற்றனவா, கல்விக்கூடத்தில் பயிலப்பெற்றனவா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

மொழி மாறியபோது

கி.பி. 7ஆம் நூற்றாண்டுக்குப் பின் அரபி பரவியது. அரமேயம் படிப்படியாக வழக்கிறங்கியது. பெயர்ப்பின் நோக்கம் புரிதல் மட்டுமே எனின், அரமேயத் தர்கும் அகன்று அரபிப் பெயர்ப்பு அவ்விடத்தைப் பெற்றிருக்க வேண்டும். நிகழ்ந்ததோ வேறு. மறைவல்லோரின் தர்குமை விடுத்துத் தம் மொழியில் பெயர்த்துக்கொள்வோம் என்பவர்கள் கடமையை நிறைவேற்றியவராகார் என்று 9ஆம் நூற்றாண்டில் பாபிலோனியக் கல்விக்கூடத் தலைவர் நத்ரோனாய் காவோன் தீர்ப்பளித்தார். மொராக்கோவின் ஃபெஸ் நகர யூதர் தர்கும் ஓதுவதைக் கைவிட்டதை அறிந்த யூதா இப்னு குரைஷ் அவர்களுக்குக் கண்டன மடல் எழுதினார். எபிரேயத்தை விளங்கிக்கொள்ள அரமேயமும் அரபியும் எவ்வாறு துணைசெய்கின்றன என்பதை நிறுவும் அம்மடல், செமித்திய மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்குத் தொடக்கநூல்களுள் ஒன்றாயிற்று. சாதியா காவோன் (882–942) அரபியில் செய்த சிறந்த பெயர்ப்பும் தர்குமை முற்றிலும் அகற்றவில்லை.

தனிமனிதரின் பயிற்சியில் தர்கும் வேரூன்றியது. ஒவ்வொரு வாரத்துக்குரிய தோராப் பகுதியையும் மூலத்தில் இருமுறையும் தர்குமில் ஒருமுறையும் படித்து முடிக்க வேண்டும் என்பது தல்மூது விதித்த கடமை. பெயர்க்க ஏதுமற்ற ஊர்ப்பெயர்ப் பட்டியலுக்கும் இது பொருந்தும். பிரான்சில் வாழ்ந்த தோசஃபோத் உரையாசிரியர்கள், வேற்று மொழிப் பெயர்ப்பு இக்கடமைக்குப் போதுமா என வினவி, போதாது என்றனர். மூலத்தால் மட்டும் அறியவியலாததைத் தர்கும் அறிவிக்கிறது என்பது அவர்தம் காரணம். பாபிலோனிய அறிஞர் யோசேப்பு, தர்கும் இல்லையேல் சில வசனங்களின் பொருளே விளங்கியிராது எனக் கருதியதை அவர்கள் சான்றாகக் காட்டினர். புரியாதவர்க்குப் புரியவைக்கப் பிறந்த பெயர்ப்பு, புரிந்தவர்க்கும் புதுப்பொருள் தரும் உரையாக உயர்ந்துவிட்டது.

தொழுகைக்கூடத்திலோ நிலை வேறாயிற்று. யோசேப்பு காரோ தொகுத்து 1565இல் அச்சேறிய 'ஷுல்ஹான் அரூக்' என்னும் சட்டத்தொகுப்பு, மக்களுக்கு அரமேயம் விளங்காமையால் பொதுவாசிப்பில் தர்கும் உரைக்கும் வழக்கம் இக்காலத்தில் இல்லை என்கிறது. தனிப்பயிற்சியில் தர்குமுக்கு ஈடாக ராஷியின் உரையைப் படிக்கலாம். இறையச்சமுடையோர் இரண்டையும் படிப்பர் என்றும் அது கூறுகிறது. 1482இல் இத்தாலியின் பொலோஞ்ஞாவில் அச்சான ஐந்நூற்பதிப்பிலேயே மூலத்தோடு ஒங்கலோஸும் ராஷியும் ஒருசேர இடம்பெற்றிருந்தன. இரு குரல்களாகக் காற்றில் ஒலித்தவை, ஒரே பக்கத்தின் தனித்தனிப் பத்திகளாக அச்சில் அமர்ந்தன. அங்கும் மூலத்துக்குரிய இடம் மூலத்துக்கே.

வழிபாட்டில் எஞ்சியவை

பழைய முறை முழுமையாக நிலைத்திருப்பது யேமன் நாட்டு யூதர் மரபில். தோராவின் ஒவ்வொரு வசனமும் ஓதப்பெற்றதும் ஒங்கலோஸ் தர்கும் உரைக்கப்பெறுகிறது. அதனைப் பெரும்பாலும் சிறுவன் ஒருவனே உரைக்கிறான். 'தாஜ்' எனப்பெறும் அவர்தம் ஏடுகளில் எபிரேய மூலமும் அரமேயத் தர்குமும் சாதியாவின் அரபிப் பெயர்ப்பும் வசனந்தோறும் அடுத்தடுத்து எழுதப்பெற்றன. அரபிப் பெயர்ப்பு வந்த பின்னரும் தர்கும் அகலாமல், மூன்றாவது மொழிக்கு இடம் விட்டு அங்கேயே நின்றது. 1949–50இல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த யேமன் யூதர் இவ்வழக்கத்தையும் உடன் கொண்டுசென்றனர்.

ஏனைய சமூகங்களில் சுவடுகளே எஞ்சியுள்ளன. அன்றாட வழிபாட்டின் இறுதிப்பகுதியில் எசாயா, எசேக்கியேல், விடுதலைப் பயணம் ஆகிய நூல்களின் மூன்று தூய்மைப்புகழ் வசனங்கள் எபிரேயத்தில் சொல்லப்பெற்று, அவற்றின் அரமேயப் பெயர்ப்பும் உடன் சொல்லப்பெறுகிறது. வோர்ம்ஸ் நகர மெய்ர் பர் ஈசாக்கு 11ஆம் நூற்றாண்டில் அரமேயத்தில் இயற்றிய 'அக்தாமூத்' என்னும் 90 அடிப் பாடல், வாரங்களின் விழாவில் தர்கும் உரைப்பதற்கு முன் அவையோரிடம் இசைவு வேண்டும் தோற்றுவாயாக அமைந்தது. அவ்விழாவில் தர்கும் உரைக்கும் வழக்கம் அஷ்கெனாசி யூதரிடம் மறைந்துவிட்டது. தோற்றுவாய்ப் பாடலோ இன்றும் பாடப்பெறுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. தர்கும் எபிரேயத்தின் மறைவால் மட்டும் பிறந்ததன்று. இருமொழிச் சூழலில் மூலத்தோடு இணைந்து ஒலிப்பதற்கென அமைந்தது. மூலமும் பெயர்ப்பும் மயங்காதவாறு காத்தவை சொல்லாட்சி பற்றிய விதிகளைவிட, ஆள், குரல், ஏடு, நிற்குமுறை பற்றிய வழிபாட்டு விதிகளே. மூலம் எப்போதும் உடன் ஒலித்தமையாலேயே தர்கும் உரையாக விரியும் உரிமை பெற்றது. அரமேயம் வழக்கொழிந்தபோது, தர்கும் மக்களின் செவியிலிருந்து விலகி மரபின் நினைவில் நிலைபெற்றது.

மொழிபெயர்ப்பின் வெற்றியை, மூலத்தை நாடவேண்டாத நிலையை அது உருவாக்குவதைக் கொண்டு அளப்பது பொதுவழக்கு. தர்கும் மரபு அவ்வளவுகோலை ஏற்கவில்லை. கேட்பவரை மூலத்தின் அருகிலேயே நிறுத்திவைப்பதே அங்குப் பெயர்ப்பின் கடமை. அக்கடமையை இன்று யேமன் யூதரின் தொழுகைக்கூடத்தில் ஒரு சிறுவன் ஏட்டைப் பார்க்காமல், ஓதுபவரின் குரலுக்கு மேலெழாத குரலில் நிறைவேற்றுகிறான்.